அம்மா உட்கார்ந்தால் அணையும் கணினி

அந்தக் கணினி எழிலரசி உட்கார்ந்தால் ஓடியது. அம்மா உட்கார்ந்தால் அணைந்தது.

உட்கார்ந்த உடனே அல்ல. பதினோரு நிமிடம் நல்ல பிள்ளையாக வேலை செய்யும். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். திரை கறுத்துவிடும்.

"போச்சு! மறுபடியும் போச்சு!" என்று அம்மா கத்தினார். வியாழக்கிழமை மதியம் மணி இரண்டரை. பூந்தமல்லி முழுவதும் சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

எழில் கட்டிலில் குப்புறப் படுத்துக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் குரல் கேட்டதும் அவள் எழுந்து ஓடி வந்திருக்க வேண்டும். அவள் பக்கத்தைப் புரட்டினாள். அந்தப் பக்கத்தை அவள் இன்னும் படிக்கவே இல்லை.

எழிலின் அம்மா நாகவல்லி சமையலறைகளை வடிவமைப்பவர். அடுப்பு எங்கே, அலமாரி எங்கே, அஞ்சறைப்பெட்டி கைக்கு எட்டுமா என்றெல்லாம் யோசித்துக் கணினியில் வரைவார். வரைந்து முடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், அந்த வரைபடத்தைக் கணினி புகைப்படம் போல மாற்றித் தரும். ஜன்னல் வெளிச்சம் எவர்சில்வர் தொட்டியில் பட்டுத் தெறிப்பதுகூடத் தெரியும். அப்படி ஒரு படம் உருவாக ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகும். நடுவில் கணினி அணைந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்மா கைபேசியை எடுத்தார். அந்தக் கணினியைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்த ஜஸ்டினை அழைத்தார். குமணன்சாவடி போகிற வழியில் ஜஸ்டினுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது.

"ஏங்க ஜஸ்டின், திங்கக்கிழமைதானே வந்து பாத்தீங்க? இப்ப மறுபடி நின்னுடுச்சு!"

"மேடம், ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் போனேன். மிஷின் நல்லாத்தான் கீது."

"நல்லா இருந்தா ஏன் நிக்குது? பழைய பார்ட் எதையாவது போட்டுட்டீங்களா?"



"அப்டி பண்ற ஆளு இல்ல மேடம் நானு. சனிக்கிழமை வந்து பாக்குறேன்" என்றார் ஜஸ்டின்.

அம்மாவின் கோபம் அத்துடன் அடங்கவில்லை. அவர்கள் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. தண்ணீர் லாரி எப்போது வரும், யார் வீட்டு நாய் படிக்கட்டில் படுத்திருக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். அம்மா அதில் எழுதினார்:

"ஜஸ்டினிடம் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் யோசித்து வாங்கவும். ஒரு வருடம்கூட ஆகவில்லை. தினமும் நின்று போகிறது. பழைய பார்ட்டுகளைப் போட்டு ஏமாற்றுகிறார் என்று நினைக்கிறேன்."

இரண்டு தடவை நின்றது 'தினமும்' ஆகிவிட்டது. கோபத்தில் எழுதினால் அப்படித்தான் ஆகும்.

ஐந்து நிமிடத்தில் சங்கச் செயலாளர் பார்த்தசாரதியிடமிருந்து பதில் வந்தது. "நல்லவேளை சொன்னீர்கள் மேடம். நம் குடியிருப்புக்குக் கேமரா பொருத்தும் வேலையை அவருக்குத்தான் கொடுப்பதாக இருந்தோம். நிறுத்தி வைக்கிறேன். ஞாயிறு கூட்டத்தில் வேறு ஆளைப் பார்ப்போம்."

அம்மா அதை உரக்கப் படித்தார். எழிலின் காது இரண்டும் சுட்டன. ஏனென்றால், அந்த நாற்பத்தெட்டு வீடுகளில் பெரியவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும்.

கணினிக்குள் பிராசசர் என்று ஒரு பாகம் உண்டு. பார்த்தால் ஒரு பிஸ்கட் அளவுதான். கணினி செய்கிற எல்லாக் கணக்கையும் போடுவது அதுதான். தவில்காரர் தாளத்துக்கு வாசிப்பது போல, அதுவும் ஒரு தாளத்துக்குத்தான் வேலை செய்யும். அம்மாவுடைய கணினியில் அந்தத் தாளம் நொடிக்கு முந்நூற்றறுபது கோடித் துடிப்பு. கோடிதான், தப்பாகப் படித்துவிடவில்லை!

அந்தத் தாளத்தை நாமே கூட்டலாம். கணினி தொடங்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் பயாஸ் என்ற அமைப்புத் திரை வரும். அதில் எண்ணை மாற்றினால் போதும். ஓவர்கிளாக்கிங் என்று இதற்குப் பெயர். ஆனால் வேகமாக வாசிக்கிற தவில்காரருக்கு வியர்த்துக் கொட்டுமே, அது போல வேகம் கூடினால் பிராசசரும் சூடாகும். வேகத்துக்கு ஈடுகொடுக்க மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். அதைக் கொஞ்சம் கூட்டினாலே சூடு நிறையக் கூடிவிடும்.

எழில் இதையெல்லாம் ஒரு வீடியோவில் பார்த்தாள். முழுதாகப் பார்க்கவில்லை. சூட்டைப் பற்றிப் பேசுகிற பகுதி வந்ததும் தள்ளிவிட்டாள்.

எல்லாம் கீழ்வீட்டு கிஷோரால் வந்தது. அவனும் அவளும் ஒரே வகுப்பு. "எங்கண்ணன் சிஸ்டம் நானூத்தி இருபது கோடி. உங்க அம்மா சிஸ்டம் கிச்சன் வரையத்தான் லாயக்கு" என்று அவன் சிரித்தான். அன்று மாலையே எழில் முந்நூற்றறுபதை நானூற்று நாற்பது ஆக்கினாள். மின்னழுத்தத்தைக் கூட்டினாள். ரொம்பச் சூடானால் பிராசசர் தானாகவே மெதுவாகிக்கொள்ளும். அந்த ஏற்பாட்டை நிறுத்தினால் வேகம் குறையாது என்று வீடியோவில் சொன்னார்கள். அதையும் நிறுத்தினாள்.

'அம்மாவுக்குப் படம் சீக்கிரம் வருமே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் கிஷோர் என்று பெயர்.

திங்கட்கிழமை கணினி முதல்முறை அணைந்தபோது அவள் வெலவெலத்துப் போனாள். ஜஸ்டின் வருவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்துவிட்டாள். அவர் வந்தார், தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். பழுது இருந்தால்தானே தெரியும்?

போகும்போது அவர் எழிலிடம் கேட்டார். "பாப்பா, நீ எதனா மாத்தினியா?"

"இல்லண்ணா" என்றாள் எழில், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு.

அத்துடன் விட்டிருக்கலாம். புதன்கிழமை கிஷோர், "நானூத்தி நாப்பதா? போட்டோ காட்டு, நம்புறேன்" என்றான். எழில் மறுபடி ஏற்றினாள். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தாள். நன்றாக ஓடியது. படம் எடுத்தாள். கீழே ஓடிப் போய்க் காட்டினாள். அங்கேயே பூப்பந்து விளையாட்டில் சேர்ந்துவிட்டாள். எண்ணை இறக்க மறந்துபோனாள்.

'நான் ஓட்டினப்போ நல்லாத்தானே ஓடுச்சு? அப்ப இது என் தப்பா இல்லாமக்கூட இருக்கலாம்' என்று இப்போது கட்டிலில் படுத்தபடி யோசித்தாள். அந்த எண்ணத்துக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொள்ள முடிந்தது.

ஒரு நாள்தான்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா தயிர் வாங்கி வரச் சொன்னார். தயிர்க் கடைக்குப் போக ஜஸ்டினின் கடையைத் தாண்ட வேண்டும். எழில் எதிர்ச்சாரியில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். திரும்பி வரும்போது, மெட்ரோ வேலைக்காக அப்போதுதான் போட்ட தகரத் தடுப்பு எதிர்ச்சாரியை மறித்துவிட்டது. வேறு வழியில்லை.

"இன்னா பாப்பா, லீவு வுட்டாச்சா?" என்றார் ஜஸ்டின். எப்போதும் போலச் சிரித்தார்.

அவர் மேசையில் ஒரு பெரிய தாள் விரிந்திருந்தது. அது அவர்களுடைய குடியிருப்பின் படம். எந்த மூலையில் எந்தக் கேமரா என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். அந்தத் தாளைத்தான் அவர் மெல்லச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா மிஷினைப் பத்தியே யோசிச்சுகினு இருந்தேன் பாப்பா. பத்து வருசமா இந்த வேலை பண்றேன். எந்த இடத்துல தப்பு வுட்டேன்னு புரியல. பவர் சப்ளைதான் சரியில்லையோ இன்னாவோ. நாளிக்கு புதுசு ஒண்ணு எடுத்துகினு வந்து மாத்திக் குடுத்துர்றேன். அம்மா கையில சொல்லிடு, இன்னா?"

எழில் தலையாட்டினாள். நடந்தாள்.

அவர் கோபப்பட்டிருந்தால் அவள் வீட்டுக்கே போயிருப்பாள். அவர் தன்மேலேயே சந்தேகப்பட்டார். செய்யாத தப்பைத் தன்னுடைய வேலையில் தேடிக்கொண்டிருந்தார். பழச்சாற்றுக் கடை வரைக்கும் போனவள் நின்றாள். தயிர் பாக்கெட் கையில் வியர்த்தது.

திரும்பி வந்தாள்.

"அண்ணா."

"இன்னா பாப்பா, மறந்துட்டியா எதனா?"

"பவர் சப்ளை மாத்த வேணாம். நான்தான் மாத்தினேன்."

"எத்த?"

"வேகத்த. நானூத்தி நாப்பது. வோல்டேஜும். நீங்க வர்றதுக்கு முன்னாடி பழையபடி வெச்சுட்டேன். அப்புறம் மறுபடி ஏத்தினேன்." சொல்லச் சொல்லக் குரல் சின்னதாகிக்கொண்டே போயிற்று. கடைசிச் சொல் அவளுக்கே கேட்கவில்லை.

ஜஸ்டின் சுருட்டிய தாளை மேசையில் வைத்தார்.

"அன்னிக்கி கேட்டேனே பாப்பா."

அவ்வளவுதான் சொன்னார். எழிலுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவருடைய செருப்பின் வார் ஒன்று ஒயரால் கட்டப்பட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, என் கையில சொல்லிட்ட. ஆனா எனக்குச் சொல்லி இன்னா ஆவப் போவுது? அந்த குரூப்புல கீறாங்களே, அவங்களுக்கு யாரு சொல்றது?"

"நீங்க வந்து பாத்து..."

"நான் வர மாட்டேன். நான் தொட்டா, 'ஜஸ்டின் வந்து என்னமோ மாத்தி வெச்சுட்டுப் போயிட்டான்'னுதான் சொல்லுவாங்க. நீ ஏத்தின மிஷினு, நீயே பாரு."

எழில் வீட்டுக்கு நடந்தாள். கால்கள் வேண்டுமென்றே மெதுவாகப் போயின. ஆனாலும் வீடு வந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், 'இல்லண்ணா' என்று சொன்ன பொய் உட்பட.

அம்மா கைபேசியை எடுத்து, தான் எழுதியதைத் தானே மெதுவாகப் படித்தார். "'பழைய பார்ட்டுகளைப் போட்டு ஏமாற்றுகிறார்.' இத நான்தான் எழுதினேன். நாப்பத்தெட்டு வீட்டுக்கு." அவர் முகம் சிவந்திருந்தது. "என்னைக் கேக்காம எதுக்குடி அதுல கைவெச்சே? பொய் வேற. சரி, நீ செஞ்சது அப்புறம். முதல்ல நான் செஞ்சதைச் சரி பண்றேன்."

உடனே எழுதினார். "ஜஸ்டின் மீது எந்தத் தவறும் இல்லை. தவறு எங்களுடையது. மன்னிக்கவும்."

பதில் வந்தது. அவர்கள் எதிர்பார்த்த பதில் அல்ல.

"மேடம், அவர் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டாரா? பயப்படாதீர்கள். நாங்கள் இருக்கிறோம்" என்று பார்த்தசாரதி எழுதியிருந்தார். கீழே இன்னும் நான்கு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

"அய்யோ! இப்ப அவரு மேல இன்னொரு பழியும் சேந்துடுச்சே!" அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "வெறும் மன்னிப்பு பத்தாது போலிருக்கு. என்ன கோளாறுன்னு காரணத்தோட சொன்னாத்தான் நம்புவாங்க."

"வேகத்த ஏத்தினதுதாம்மா காரணம்."

"அப்ப நீ ஓட்டினா ஏன் நிக்கல? அதே வேகந்தானே?"

நேற்று அவள் ஒளிந்துகொண்ட அதே கேள்வி, இப்போது வழியை மறித்துக்கொண்டு நின்றது.

"ஓட்டிக் காட்டு" என்றார் அம்மா.

கணினி மேசையை அம்மாவே வடிவமைத்திருந்தார். மெட்ரோ வேலையும் லாரிகளுமாக வீட்டுக்குள் எந்நேரமும் தூசி. அதனால் கணினிப் பெட்டியை மேசைக்கு அடியில் ஓர் அலமாரிக்குள் வைத்து, பலகைக் கதவும் போட்டிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பாராட்டிவிட்டுத்தான் காபி குடிப்பார்கள்.

எழில் கதவைத் திறந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பெட்டியில் எரியும் நீல விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது அவளுக்குப் பிடிக்கும். பிராசசரின் சூட்டைக் காட்டும் சின்ன மென்பொருளைத் திறந்து வைத்தாள். படம் உருவாகத் தொடங்கியது. எண்பத்தொன்று டிகிரி. எண்பத்து மூன்று. எண்பத்து நான்கில் நின்றது. இருபது நிமிடம் ஆயிற்று. அணையவில்லை.

"தள்ளு, நான் உக்காரறேன். என்னைக் கண்டா அதுக்கு என்ன பகையோ!"

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் கதவில் இடித்தது. காலால் அதைத் தள்ளினார். 'டப்.'

எழில் அந்தக் கதவையே பார்த்தாள்.

"அம்மா, இப்ப என்ன பண்ணினே?"

"என்ன பண்ணினேன்? உக்காந்தேன்."

"அதுக்கு அப்புறம்?"

"ஒண்ணும் பண்ணலியே. கால் இடிச்சுது, கதவைச்..." அம்மா நிறுத்தினார். இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

எண்பத்தேழு. தொண்ணூறு. தொண்ணூற்று நான்கு. எண் படியேறுவது போல ஏறிக்கொண்டே இருந்தது. தொண்ணூற்றொன்பதைத் தொட்டதும் எழில் வேலையை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தாள். கொதிக்கும் இட்லிப் பானையைத் திறந்தாற்போல வெக்கை முகத்தில் அடித்தது.

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டியின் விசிறி சூடான காற்றை வெளியே தள்ளுகிறது. ஆனால் அலமாரி மூடியிருப்பதால் அந்தக் காற்று போக இடமில்லை. அதே காற்றைத்தான் விசிறி மறுபடி உள்ளே இழுக்கிறது. சூடான காற்றால் சூட்டை ஆற்ற முடியுமா? நூற்றைத் தாண்டியதும், கருகிப் போகாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கணினி தானே அணைந்துவிடுகிறது. தரையில் உட்கார்கிற எழிலுக்குக் கதவு திறந்தே இருந்தது. திங்கட்கிழமை தரையில் உட்கார்ந்து பார்த்த ஜஸ்டினுக்கும் திறந்தே இருந்தது. நாற்காலியில் உட்கார்கிற அம்மாவுக்கு மட்டும் மூடியிருந்தது!

பழைய வேகத்தில் சூடு குறைவு. அதனால் மூடிய கதவுக்குள்ளும் இத்தனை மாதம் எப்படியோ சமாளித்துவிட்டது. வேகத்தை ஏற்றியதும் தாங்கவில்லை.

அம்மா அந்தப் பலகைக் கதவைத் தடவினார். "எத்தனை பேருக்கு ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி காத்துப் போக இடம் விடுங்கன்னு சொல்லியிருக்கேன். என் கம்ப்யூட்டருக்கு நான் விடலையே" என்றார். முதன்முறையாக அன்று அவர் சிரித்தார். வெட்கச் சிரிப்பு.

"நான் ஏத்தாம இருந்தா நின்னிருக்காதும்மா. பழைய வேகத்துலயே வெச்சிடறேன்."

"ஒரு படம் எவ்வளவு நேரம் குறையும், ஒழுங்கா ஏத்தினா?"

"அஞ்சு நிமிஷம் குறையலாம்."

"ஒரு கிச்சனுக்கு எட்டுப் படம் போடறேன், நாப்பது நிமிஷம் மிச்சம். ஒழுங்கா ஏத்தத் தெரியுமா? வீடியோவைத் தள்ளி விடாமப் பாத்துட்டுச் சொல்லு."

இந்தத் தடவை எழில் முழுவதும் பார்த்தாள். சூட்டைப் பற்றிய பகுதியை இரண்டு தடவை பார்த்தாள். அந்தப் பகுதிதான் இருப்பதிலேயே சுவாரசியமாக இருந்தது.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. முதலில் கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கினார்கள். அம்மா நான்கு திருகாணிகளைக் கழற்றிக் கதவை எடுத்தார். அலமாரியின் பின்பலகையையும் எடுத்தார். எழில் பெட்டியைத் திறந்து, விசிறியில் கம்பளம் போலப் படிந்திருந்த தூசியைப் பெயிண்ட் பிரஷால் தட்டினாள். கதவு இருந்த இடத்தில் பழைய கொசுவலையை வெட்டிக் கட்டினார்கள். காற்று போகும், மெட்ரோ தூசி வராது.

கிஷோரையும் கூப்பிட்டிருந்தாள். அவனிடமும் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அவன் கேட்டுவிட்டு, "அப்ப அந்த போட்டோ?" என்றான்.

"போட்டோ எடுத்தப்ப ஓடுச்சு. மறுநாள் நின்னுடுச்சு."

"அது சரி. எங்கண்ணன் சிஸ்டமும் அடிக்கடி நிக்கும். யார்ட்டயும் சொல்லாதேன்னு சொல்லியிருக்கான்" என்றான் கிஷோர்.

எழில் பயாஸில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். சூடானால் மெதுவாகிக்கொள்ளும் ஏற்பாட்டைத் திரும்பப் போட்டாள். பிறகு ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றினாள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எதனால் என்ன ஆயிற்று என்று தெரியாதே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை மணி நேரம் ஓட்டினாள். கிஷோர் கிரிக்கெட் வர்ணனை போல எண்களைக் கூவினான்.

"முந்நூத்தி அறுபது கோடியில் அறுபத்தெட்டு டிகிரி! நிதான ஆட்டம்! முந்நூத்தி எண்பது, எழுபத்தொண்ணு! இதோ நானூறு... எழுபத்தாறு! அடுத்து நானூத்தி இருபது... ஓ! எண்பத்து மூணு!"

எழில் நானூற்றிருபதை நோட்டில் எழுதி, அதன்மேல் ஒரு கோடு போட்டாள்.

"ஏய், எங்கண்ணனுக்குச் சமமா வந்துட்டே! ஏன் அடிக்கிறே?"

"எண்பதைத் தாண்டினா வேணாம்னு முதல்லயே எழுதி வெச்சிருக்கேன். நானூறு போதும்."

"தோத்துட்டேன்னு சொல்லிடுவேன்."

"சொல்லிக்கோ" என்றாள் எழில். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சமும் வலிக்கவில்லை.

மதியம் பன்னிரண்டு மணிக்குக் கடைசிச் சோதனை. ஜன்னல்களைச் சாத்தினார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தன்னுடைய வேலையைத் தொடங்கினார்.

ஞாயிறு காலை வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடந்தது. அம்மா அழைத்ததால் ஜஸ்டின் வந்திருந்தார். உள்ளே வராமல் கேட்டின் ஓரமாகவே நின்றார். சிலர் அவரைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல இருந்தார்கள்.

"மிரட்டினாரா மேடம்? தைரியமாச் சொல்லுங்க" என்றார் பார்த்தசாரதி.

"மிரட்டல சார். நான் அவசரப்பட்டு எழுதிட்டேன். அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். மீதிய எழில் சொல்லுவா."

எழில் எழுந்தாள். அத்தனை முகங்களும் அவளையே பார்த்தன. மறுபடியும் ஒரு சுவர்க் காலண்டர் இருந்தால் தேவலை என்று தோன்றியது. அவள் கேட்டின் ஓரம் நின்ற ஜஸ்டினைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான்தான் கம்ப்யூட்டர் வேகத்த ஏத்தினேன். பெருமைக்காக ஏத்தினேன். ஜஸ்டின் அண்ணா கேட்டப்ப, மாத்தலைன்னு பொய் சொன்னேன். அலமாரிக்குள்ள மூடி வெச்சிருந்ததால, ஏத்தின வேகத்துல சூடு தாங்காமத்தான் நின்னுது. அவர் போட்ட பார்ட் எல்லாமே நல்லா இருக்கு. நூறு டிகிரிக்கு மேல போயும் கெட்டுப் போகல. அவ்வளவு நல்லா இருக்கு."

யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். ஜஸ்டினும் சிரித்துவிட்டார்.

பார்த்தசாரதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "ஜஸ்டின், நானும் அவசரப்பட்டுட்டேன். அந்த ப்ளான் பேப்பர் கையில இருக்கா?"

"கடையில கீது சார். எட்டிப் போயி எடுத்துகினு வந்துர்றேன்."

"எடுத்துட்டு வாங்க. இன்னிக்கே பேசி முடிச்சிடலாம்."

அதற்குள் மூன்றாம் மாடிப் பொன்னியம்மா கையைத் தூக்கினார். "இரு இரு எழில். எங்க ஊட்லயும் அலமாரிக்குள்ளதான் மூடி வெச்சிருக்கோம். நீங்க இன்னா பண்ணிச் சரி பண்ணீங்க? அதச் சொல்லு மொதல்ல."

எழில் நோட்டைத் திறந்து படித்தாள்.

"கதவையும் பின்பலகையையும் எடுத்தாச்சு. முன்னாடி கொசுவலை கட்டியாச்சு. விசிறித் தூசியத் தட்டியாச்சு. சூடானா தானா மெதுவாகற ஏற்பாட்டைத் திரும்பப் போட்டாச்சு. வேகம் நானூறு கோடி, அதுக்கு மேல இல்ல. மத்தியான வெயில்ல ஜன்னலச் சாத்திட்டு மூணு மணி நேரம் ஓட்டினோம். சூடு எழுபத்தாறு டிகிரியத் தாண்டல. அம்மாதான் உக்காந்திருந்தாங்க. ஒரு தடவகூட அணையல."